முப்பது போதும்

சாலையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர் ஒருவர் நகைத்தார். "இலக்கியம் இருக்கிறது, மொழி இருக்கிறது, படித்தவனுக்கு வேலை இல்லாத கொடுமை இருக்கிறது, உனக்குக் குழியும் மேடும்தானா கிடைத்தன?" என்றார். அப்படிக் கேட்ட அதே நண்பர் அன்று முதல் வகுப்புக்கு இருபது நிமிடம் தாமதமாக வந்தவர். காரணம் என்ன என்று பேராசிரியர் வினவியபோது அவர் சொன்ன விடை இரண்டே சொல்: "சாலை, ஐயா." ஆகவே அவரையே என் முதல் சாட்சியாகக் கொண்டு தொடங்குகிறேன்.

பெங்களூர்ச் சாலைகளைக் குறை கூறாதவர் இல்லை. ஆட்டோ ஓட்டுபவர் கூறுகிறார். அவர் வண்டியில் அமர்ந்து செல்பவர் கூறுகிறார். பதவியில் இல்லாதபோது அரசியல்வாதியும் கூறுகிறார். கூறிக் கூறி, அது மழை வருமா வராதா என்ற திண்ணைப் பேச்சைப் போல் ஆகிவிட்டது. யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. என் குறை சற்று வேறானது. குழி ஓர் அலுவலகத்தின் பொறுப்பு. வேகம் போலீஸாரின் பொறுப்பு. சைக்கிள் பாதை வேறொரு துறையின் ஆசை. மூன்றுக்கும் மூன்று கோப்புகள். ஒரு கோப்பு மற்றொன்றின் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் சாலையோரம் நடந்து வரும் மாணவிக்கு இவை மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் வந்து சேர்கின்றன. குழியைக் கண்டு ஒதுங்குகிறாள். ஒதுங்கிய பக்கத்தில் வண்டி விரைந்து வருகிறது. அதற்கு அப்பால் ஒதுங்க இடமில்லை. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முதலில் கை வைக்க வேண்டியது வேகத்தின் மீது என்பது என் துணிபு. நெடுஞ்சாலையை நான் சொல்லவில்லை. குடியிருக்கும் தெரு, கடைத்தெரு, பள்ளியும் கல்லூரியும் மருத்துவமனையும் உள்ள சாலை, இவற்றில் மணிக்கு 30 கிலோமீட்டர் போதும்.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் ஞானபாரதி வளாகமே இருக்கிறது. ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலம். மரங்கள் உண்டு, மயில்கள் உண்டு, அவற்றுக்கு நடுவே துறைக் கட்டடங்கள் உண்டு. இவற்றை ஊடுருவிக்கொண்டு மைசூர்ச் சாலைப் பக்கத்திலிருந்து நாகரபாவிப் பக்கத்துக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. நகரம் மேற்கே பரவப் பரவ, வளாகச் சாலை ஊர்ச் சாலையாகிவிட்டது. 2022 அக்டோபரில் முதுகலை மாணவி ஒருவர் வளாகத்துக்கு உள்ளேயே பேருந்தில் ஏறும்போது அதன் சக்கரத்தில் சிக்கினார். மருத்துவமனையில் சில நாட்கள் போராடி உயிர் நீத்தார். மாணவர்கள் சாலையில் அமர்ந்தார்கள். வெளி வண்டிகளை வளாகத்துக்குள் விடாதீர்கள் என்பதே அவர்கள் எழுப்பிய முதல் கோரிக்கை.

அந்த மரணம் வேகத்தால் நேர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கல்விக்கூடத்தின் நடுவே வண்டிகளுக்கு முதலிடம், மாணவருக்கு மிச்ச இடம் என்று ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. அந்த வழக்கத்தின் நடுவில்தான் அது நேர்ந்தது. வாயிலை அடைத்துவிடலாம் என்ற கோரிக்கையின் பின்னுள்ள துயரத்தை நான் மதிக்கிறேன். எனினும் அதை முழுமையாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை. இங்கே அடைத்தால் அந்த வண்டிகள் ஆவியாகிப் போவதில்லை. பக்கத்திலுள்ள குடியிருப்புத் தெருக்களுக்குள் புகும். அங்கே நடப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்காகச் சாலையில் அமர மாணவர் மன்றம் எதுவும் இல்லை. நம் வேலியைக் காப்பதற்காக அடுத்தவர் வாசலில் ஆபத்தை இறக்கி வைப்பது நியாயமன்று. மெல்லப் போ என்றால் போதும். மெல்லத்தான் போக முடியும் என்று ஆகிவிட்டால், குறுக்கு வழியாக வருபவனில் பாதிப்பேர் தாமாகவே வேறு பெருஞ்சாலையை நாடுவார்கள்.

30 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். விடுதியில் என் அறைக்கு அடுத்த அறை இயற்பியல் நண்பருடையது. அவர் தாளில் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன். ஓட்டுநர் ஆளைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி என்று கொள்வோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு விநாடியில் வண்டி ஏறத்தாழ 14 மீட்டர் போய்விடுகிறது. பிரேக் பிடித்த பின், உலர்ந்த தார்ச்சாலையில், நிற்பதற்கு இன்னும் 14 மீட்டர் வேண்டும். மணிக்கு 30 கி.மீ. வேகத்திலோ ஒரு விநாடிக்கு 8 மீட்டர். நிற்பதற்கு 5 மீட்டர். ஆக மொத்தம் 13. அதாவது, 30இல் வந்தவன் நின்றேவிட்ட இடத்தில், 50இல் வந்தவன் இன்னும் பிரேக்கை மிதிக்கவே தொடங்கவில்லை. முன்னவன் கண்ணாடியை இறக்கித் திட்டுவான், அவ்வளவுதான். பின்னவன் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் இதையே காட்டுகிறது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால், உயிர் போகும் விபத்துகளின் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடுகிறதாம். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் பல நாட்டு அமைச்சர்கள் கூடி, நடப்பவரும் வண்டியும் கலந்து செல்லும் இடங்களில் 30 கி.மீ.க்கு மேல் கூடாது என்று அறிக்கை விடுத்தார்கள். வேல்ஸ் நாடு 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளுக்கு மணிக்கு 20 மைல் என்று சட்டமே செய்தது. அதுவும் ஏறக்குறைய இதே வேகம்தான். ஹெல்சிங்கி நகரில் 2025 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. அங்கே பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் எல்லை 30. "ஹெல்சிங்கி எங்கே, பெங்களூர் எங்கே?" என்பீர்கள். சரி, பெங்களூருக்கே வருவோம்.

2022ஆம் ஆண்டில் இந்நகரின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆயிற்று என்று டாம்டாம் என்ற நிறுவனம் கணக்கிட்டுச் சொன்னது. வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இருபதில் ஊர்ந்துகொண்டிருக்கும் நகரத்திடம் முப்பதுக்கு மேல் போகாதே என்று கேட்டால் அது எதை இழக்கும்? ஆயினும் கேட்டவுடன் கோபம் வருகிறது. ஏன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு நெரிசலில் பத்து நிமிடம் நின்றவன், அடுத்த நெரிசலுக்கு முன்னால் கிடைக்கும் நானூறு மீட்டரில் தன் ஆத்திரத்தையெல்லாம் அறுபதில் ஓட்டித் தீர்த்துக்கொள்கிறான். போய் மறுபடி நிற்கிறான். சேர்ந்த நேரம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நானூறு மீட்டரில்தான் முதியவர் சாலையைக் கடக்கிறார். இரவு பத்து மணிக்குமேல் சாலை காலியானால் கேட்கவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2018 ஏப்ரலில் மத்திய அரசு விடுத்த அறிவிக்கை, நகராட்சி எல்லைக்குள் கார்களுக்கு 70 கி.மீ. வரையும் மோட்டார் சைக்கிள்களுக்கு 60 வரையும் உச்சவரம்பு வைத்தது. நகராட்சி எல்லைக்குள் எழுபது! அந்த அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்து தீர்ப்பளித்தது என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். உச்சவரம்பு எதுவாயினும், அதற்குக் கீழே தன் சாலைகளுக்கு ஏற்ற எல்லையை வைக்க 1988ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் 112ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. டில்லிக்குக் காவடி எடுக்க வேண்டியதில்லை; விதான சௌதாவில் ஒரு கையெழுத்துப் போதும்.

பலகை மட்டும் நட்டால் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைத்தவனை நான் கண்டதில்லை. சாலையின் உருவமே வேகத்தைக் குறைக்க வேண்டும்: திருப்பங்களைக் குறுக்குவது, கடக்கும் இடத்தை நடைபாதையின் உயரத்துக்கு உயர்த்துவது, ஒழுங்கான வேகத்தடை அமைப்பது. ஒழுங்கான என்று அழுத்திச் சொல்கிறேன். இந்தியச் சாலைப் பேரவை வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ.யில் வந்தால் அலுங்காமல் ஏறி இறங்கலாம். நம் தெருக்களில் இருப்பவையோ யாரோ இரவோடு இரவாகத் தாரைக் கொட்டிவிட்டுப் போனது போன்ற குன்றுகள். காருக்கு அது ஒரு குலுக்கல். சைக்கிளில் வருபவனுக்கு முதுகெலும்புச் சோதனை.

இனிக் குழிக்கு வருவோம். தாருக்குப் பகைவன் தண்ணீர். மேற்பரப்பில் முடி போன்ற வெடிப்பு விழுகிறது. மழைநீர் அதில் இறங்கி நிற்கிறது. மேலே சக்கரம் ஏறும்போதெல்லாம் அந்த நீர் உள்ளே அழுத்தி ஜல்லியையும் தாரையும் பிரிக்கிறது. ஒரு ஜல்லி பெயர்ந்தால் அடுத்ததைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. மேட்டிலிருந்து ஏரிக்கு, ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு என்று நீர் தானே வடிந்த ஊர் இது. ராஜகால்வாய்கள் அடைபட்டும் சாலையோர வடிகால்கள் மண் மூடியும் போன பின், செப்டம்பர், அக்டோபர் மழைக்குச் சாலையே கால்வாய். மழை போதாதென்று கடப்பாரையும் சேர்ந்துகொள்கிறது. குடிநீர்க் குழாய்க்கு ஒருவர், மின்கம்பிக்கு ஒருவர், தொலைபேசி இழைக்கு ஒருவர் என்று புதிதாகப் போட்ட சாலையை வெட்டி, மேலே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. செயின்ட் மார்க்ஸ் சாலை, ரெசிடென்சி சாலை முதலியவற்றில் சுமார் பத்தாண்டுகளுக்கு முன் டெண்டர்ஷ்யூர் என்ற திட்டத்தில் குழாய்களையும் கம்பிகளையும் நடைபாதைக்கு அடியில் தனிப் பாதையில் இட்டார்கள், நடைபாதை அகலமாயிற்று, சாலையை வெட்ட வேண்டிய தேவை குறைந்தது. நகரின் நடுவே நாகரிகமாக உலவுவோருக்கு அது கிடைத்தது. நாகரபாவிக்கும் ஸ்ரீராமபுரத்துக்கும் அது எப்போது?

இங்கே ஒரு சிறு கதை. தருமபுரிப் பக்கத்தில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மைல்கல் ஒன்று கிடைத்திருக்கிறது. அதியமான் பெருவழி என்ற சாலையில் நாவற்றாவளம் என்ற ஊருக்கு இன்னும் 29 காதம் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியதோடு விடவில்லை. எழுத்தறியாதவரும் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று, இருபதுக்கு இரண்டு பெரிய குழிகளும் ஒன்பதுக்கு ஒன்பது சிறிய குழிகளும் கல்லிலேயே குடைந்து வைத்தார்கள். வழிப்போக்கனில் மிக எளியவனை நினைத்துச் செய்த வேலை அது. அன்று குழி கல்லில் இருந்து வழி காட்டியது. இன்று வழியில் இருந்து ஆளைக் கல்லறைக்குக் காட்டுகிறது.

மிகைப்படுத்தவில்லை. சாலைக் குழிகளால் 2017ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 3,597 பேர் இறந்ததாக அரசின் கணக்கே கூறியது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில், நல்ல நிலையில் உள்ள சாலை குடிமகனின் உயிர்வாழும் உரிமையில் அடங்கும், குழியால் கேடுற்றவர் இழப்பீடு கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வண்டிச் சட்டத்தின் 198அ பிரிவு, சாலையைச் சரியாக அமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. தாள்களில் எல்லாம் நேர்த்தியாகத்தான் இருக்கிறது.

தாளுக்கு வெளியே எப்படி என்று பார்க்க நான் ஒருமுறை முயன்றேன். என் வழியில் இருந்த ஒரு பெரிய குழியைப் பற்றி முறையிட ஓர் அலுவலகம் சென்றேன். அங்கிருந்தவர் அன்பாகவே பேசினார். "தம்பி, அது எங்கள் குழி இல்லை, குழாய் போட்டவர்களுடையது" என்றார். குழாய் போட்டவர்களிடம் சென்றேன். "நாங்கள் மூடிவிட்டோம், பிறகு கம்பி போட்டவர்கள் தோண்டியதுதான் இப்போது இருப்பது" என்றார்கள். மூன்றாம் இடத்தில் அலுவலர் சாப்பிடப் போயிருந்தார். சாலை எல்லாருக்கும் சொந்தம். குழி மட்டும் யாருக்கும் சொந்தமில்லை! கேட்பதற்கு வார்டு உறுப்பினராவது உண்டா என்றால், மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பின், 2025 முடியத் தேர்தலே நடக்கவில்லை. 2025 செப்டம்பரில் ஒரு மாநகராட்சியை ஐந்தாக்கி, மேலே ஓர் ஆணையத்தையும் வைத்தார்கள். அலுவலகங்கள் பெருகின, குழிக்கு உரியவர் பிறந்தாரா என்பதே கேள்வி.

குழிக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைக் கவனியுங்கள். 30இல் வருபவனுக்குக் குழி கண்ணில் படுகிறது. பட்டபின் ஒதுங்க நேரம் இருக்கிறது. விழுந்தாலும் முழங்கை சிராய்ப்போடு எழுந்து வருகிறான். 60இல் வருபவன் குழியைப் பார்க்கும்போது குழியில் இருக்கிறான். வேகத்தைக் குறைத்தால் குழி இருந்துவிட்டுப் போகட்டும் என்று யாரும் என் பேச்சைத் திரிக்க வேண்டாம். மூடும் வரைக்குமாவது உயிர் நிற்கட்டும் என்கிறேன்.

மூன்றாவது, சைக்கிள். இதில் அரசாங்கத்துக்கு ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. ஜயநகரில் 2013 வாக்கில் சைக்கிள் பாதை அமைத்தார்கள். அதில் கார்கள் ஓய்வெடுத்தன. 2020இல், தொற்றுநோய்க் காலத்தில், வெளிவட்டச் சாலையில் குட்டைத் தூண்கள் நட்டுச் சைக்கிளுக்கென்று ஓரம் ஒதுக்கினார்கள். மெட்ரோ பணி வந்தது, தூண்கள் போயின. மைசூரில் மட்டும் 2017இல் ட்ரின் ட்ரின் என்ற பெயரில் 450 வாடகைச் சைக்கிள்களோடு தொடங்கிய திட்டம் பெயரெடுத்தது. அந்த ஊரில் வண்டிகள் மெல்லச் செல்வது அதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். பெயின்ட் கோட்டை மதிக்காத ஓட்டுநர் தூணை மட்டும் மதிப்பாரா? தெருவின் வேகம் 30 ஆகிவிட்டால் பெரும்பாலான தெருக்களில் சைக்கிளுக்குத் தனிப் பாதையே வேண்டியதில்லை. சாலையே அவனுக்கும் சொந்தமாகிவிடும். அகலமான பெருஞ்சாலைகளில் மட்டும் கல் வைத்துப் பிரித்த பாதை வேண்டும். அரசு தலைகீழாகச் செய்கிறது: வேகத்தைத் தொடாமல் கோடு போடுகிறது.

"சைக்கிள் ஓட்டுபவர் எத்தனை பேர்? அவர்களுக்காக இவ்வளவு பாடா?" என்பவர்களுக்கு நம் புதுக்கோட்டை விடை சொல்லும். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பிக்கச் செய்தார். கல் உடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் ஏறினார்கள். எண்ணிக்கை இலட்சத்தைத் தொட்டது என்பார்கள். அதற்கு முந்தின ஆண்டு எண்ணியிருந்தால் சைக்கிள் ஓட்டும் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இடம் கொடுத்த பின்தான் ஆள் வருவார். இன்று நம் விடுதியில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த மாணவிகள் பலர். ஊரில் பதினொன்றாம் வகுப்பில் அரசு தந்த சைக்கிளில் பள்ளி சென்றவர்கள். இங்கே ஒருவரும் ஓட்டுவதில்லை. கேட்டால், "அண்ணா, வீட்டுக்குத் தெரிந்தால் உயிரை எடுப்பார்கள்" என்கிறார்கள். வீட்டார் அஞ்சுவது சைக்கிளுக்கு அன்று.

ஸ்ரீராமபுரத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரர் இருக்கிறார்; வேலூர்ப் பக்கத்துக்காரர். என் சக்கரத்தில் மூன்று மாதத்தில் இரண்டாம் முறையாகக் கோட்டம் எடுத்துக்கொண்டே சொன்னார்: "முன்னெல்லாம் காலையில மில்லுக்குப் போறவன் பத்துப் பேரு காத்துக்கு நிப்பான் தம்பி. இப்ப வர்றதெல்லாம் சின்னப் பசங்க சைக்கிளும், ஞாயித்துக்கிழமை ஓட்டுற ஐயாமாருங்க சைக்கிளுந்தான். வேலைக்குப் போறவன் எல்லாம் கடன வாங்கி மோட்டார் வண்டி எடுத்துட்டான்." கடன் வாங்கி மோட்டார் வண்டி எடுக்கும்படி ஒரு தொழிலாளியை ஒரு சாலை கட்டாயப்படுத்துகிறது என்றால், அது போக்குவரத்துப் பிரச்சினை மட்டும்தானா?

பணம் இல்லை என்று மட்டும் அரசு சொல்லக்கூடாது. ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சுரங்கச் சாலைக்கு 2025இல் ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். மதிப்பீடு 17,000 கோடி ரூபாய்க்கு மேல். கிலோமீட்டருக்கு ஆயிரம் கோடி! அந்த ஒரு கிலோமீட்டரின் பணத்தில் எத்தனை வார்டுகளின் வடிகாலையும் நடைபாதையையும் சீராக்கலாம் என்று பொறியியல் நண்பர்கள் கணக்கிட்டு அடுத்த இதழில் எழுத வேண்டுகிறேன்.

இதில் நமக்கு ஒரு வாய்ப்பும் வந்திருக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், தம் மருத்துவமனைக்கு வந்த விபத்துகளைக் கண்டு பொறுக்காமல், 2012இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதை நடப்பவரின் அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் கூறிற்று. அதே அக்டோபரில், நடப்பவருக்கும் சைக்கிள் முதலிய எஞ்சின் இல்லாத வண்டிகளுக்குமான விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. விதி எழுதுபவர்களுக்கு நம் வளாகத்தின் நிலை தெரிய வேண்டும். ஆத்திரமாக எழுதிய மனுக்கள் அவர்களிடம் நிறைய இருக்கும். எண்களோடு எழுதிய மனு அரிதாகத்தான் இருக்கும்.

ஆகவே நான் மன்றத்தின் முன் வைப்பது இது. வரும் பருவத்தின் முதல் வாரத்தில், ஐந்து நாட்கள், காலை 8 முதல் 10 வரை, ஒவ்வொரு வாயிலிலும் இருவர் இருவராக நிற்போம். ஒருவர் உள்ளே வரும் வண்டிகளை எண்ணட்டும். மற்றவர் எங்கும் நில்லாமல் மறுவாயிலில் வெளியேறுபவற்றை எண்ணட்டும். நூலகத்துக்கு முன்னுள்ள நேர்ச்சாலையில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போடுவோம். முதல் கோட்டிலிருந்து இரண்டாம் கோட்டுக்கு ஆறு விநாடி எடுத்தால் வேகம் சரியாக 30. அதற்குள் கடந்தால் அது 30க்கு மேல். கைக்கடிகாரம் போதும். குழிகளைக் காலடியால் அளந்து வரைபடத்தில் குறிப்போம். கன்னட சங்கத்து நண்பர்களையும் சேர்த்துக்கொள்வோம். மனுவைக் கன்னடத்தில் எழுத அவர்கள் துணை வேண்டும், விழுந்தால் அடி அவர்களுக்கும் ஒன்றுதான். கிடைத்த எண்களைத் துணைவேந்தருக்கும் போக்குவரத்துப் போலீஸாருக்கும் மாநகராட்சிக்கும் ஒரே தாளில், மூன்று படிகளாகக் கொடுப்போம். மூன்று கோப்புகளிலும் ஒரே தாள் இருக்கட்டும்.

வர விரும்புவோர் மன்றச் செயலரிடம் பெயர் கொடுங்கள். இருபது பேர் வேண்டும். இதுவரை ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம்.